125 கிராம் கேவியர், எட்டுப் பேர்

கேவியர், அதாவது ஸ்டர்ஜன் மீனின் உப்பிட்ட சினை, பரிமாறுவதில் சமைக்க ஒன்றுமில்லை. சினையை வலையில் தேய்த்துப் பிரித்து, கழுவி, உப்பிட்டு, பக்குவம் பார்த்து டின்னில் அடைக்கும் வேலையெல்லாம் பண்ணையிலேயே முடிந்துவிடுகிறது. நமக்கு மிச்சம் இரண்டு வேலைதான். குளிர்ச்சி தப்பாமல் மேசைவரை கொண்டுபோக வேண்டும். கூட வைக்கும் பண்டங்கள் அதன் ருசியை அமுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்த காசு வீணாவது பெரும்பாலும் பரிமாறுவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில்தான்.

இங்கே உள்ள அளவுகள் எட்டுப் பேருக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கும் சிறு தட்டுக்கு. ஆளுக்கு மூன்று பிளினி (ஈஸ்ட் போட்டுச் சுடும் சின்ன ரஷ்ய அப்பம்), ஒவ்வொன்றின் மேலும் 5 கிராம் கேவியர். ஆக 120 கிராம். மீதி 5 கிராம் மூடியிலும் டின் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். நான்கு பேர் என்றால் 50 கிராம் டின்னில் பத்துப் பிளினிதான் தேறும். அதை எட்டுப் பேருக்கு நீட்டினால் ஆளுக்குச் சில முட்டைகள் விழும், யாருக்கும் ருசி தெரியாது. பட்ஜெட் இடிக்கிறதென்றால் ஆட்களைக் குறைக்கலாம், அல்லது சால்மன் சினைக்குப் போகலாம். கேவியரின் அளவை மட்டும் குறைக்கக் கூடாது.

டின் வாங்கும்போது

கேவியர் என்ற பெயர் ஸ்டர்ஜன் குடும்பத்து மீன்களின் உப்பிட்ட சினைக்கு மட்டுமே உரியது. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் 2010இல் அப்படித்தான் வரையறுத்தது. உப்பு 100 கிராமுக்கு 3 முதல் 5 கிராம்வரை என்றும் சொல்கிறது. சால்மன், டிரவுட், லம்ப்ஃபிஷ், பறக்கும் மீன் ஆகியவற்றின் சினைகளும் நல்ல பண்டங்களே. ஆனால் அவற்றைக் கையாளும் முறை கொஞ்சம் வேறு.

எல்லா ஸ்டர்ஜன் இனங்களும் 1998 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. காஸ்பியன் கடலில் கண்மண் தெரியாமல் பிடித்துத் தீர்த்ததன் விளைவு அது. இன்று கடைக்கு வருவது ஏறக்குறைய முழுவதும் பண்ணைச் சரக்கு. உற்பத்தியில் முதலிடம் சீனாவுக்கு. எனவே டின்னில் அஸ்ட்ரகான், காஸ்பியன் என்றெல்லாம் அலங்காரமாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அதில் சாய்வுக்கோடுகளால் பிரித்த ஆறு விவரங்கள் வரிசையாக இருக்கும்: இனம், மூலம், நாடு, ஆண்டு, ஆலையின் பதிவெண், லாட் எண். இனத்துக்கு மூன்றெழுத்து. ஜி-யு-இ என்றால் ஓசெட்ரா எனப்படும் ரஷ்ய ஸ்டர்ஜன், பி-ஏ-இ சைபீரிய ஸ்டர்ஜன், டி-ஆர்-ஏ வெள்ளை ஸ்டர்ஜன், எஸ்-டி-இ செவ்ருகா, எச்-யு-எஸ் பெலுகா. அடுத்த ஓரெழுத்து சி என்றால் பண்ணையில் வளர்ந்தது, டபிள்யூ என்றால் இயற்கை நீர்நிலையில் பிடித்தது. இம்பீரியல், ராயல் என்பவை விற்பவர் வைக்கும் பெயர்கள். அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது.

முதல்முறை பரிமாறுகிறவர்களுக்குச் சைபீரிய ஸ்டர்ஜன் போதும். ஆறேழு வருடத்தில் சினை பிடிப்பதால் விலை அடங்கும். முட்டை சின்னது, நிறம் கருப்பை ஒட்டியது. ஓசெட்ரா இன்னும் சில வருடங்கள் கூடுதலாகக் காக்க வைக்கும். பழுப்பும் பொன்னும் கலந்த நிறம், முந்திரி போன்ற ஒரு பின்ருசி. பெலுகா முட்டைதான் பெரிது. ஆனால் பெரிய முட்டையென்றால் ருசியும் பெரிது என்று கணக்குப் போட வேண்டாம்.

சீட்டில் மலோசோல் என்ற ரஷ்யச் சொல் இருந்தால் உப்புக் குறைவாகச் சேர்த்தது என்று பொருள். பாஸ்சரைஸ் செய்தது என்று இருந்தால் சூடுகாட்டி அடைத்த சரக்கு. மாதக்கணக்கில் தாங்கும், ஆனால் முட்டையின் தோல் சற்றே கெட்டிப்பட்டிருக்கும். ஐரோப்பியச் சரக்கில் இ285 என்ற எண்ணையும் பார்க்கலாம். அது கெடாமலிருக்கச் சேர்க்கும் போராக்ஸ். ஐரோப்பிய ஒன்றியம் கேவியருக்கு மட்டும் கிலோவுக்கு 4 கிராம்வரை அனுமதிக்கிறது. அமெரிக்காவில் அனுமதி இல்லை. போராக்ஸ் சேர்த்தது சற்று இனிப்பாகத் தெரியும். இரண்டும் ஒரே விலையென்றால், உப்பு மட்டும் போட்டதை எடுப்பதே என் கட்சி.

வீட்டு ஃபிரிட்ஜ் போதாது

திறக்காத டின் இருக்க வேண்டிய வெப்பநிலை -2 முதல் +2 டிகிரி. வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரியில் ஓடும். கதவுப் பக்கம் எட்டுக்கும் போகும். ஆகவே ஒரு மூடியுள்ள டப்பாவில் ஐஸ் கட்டியைக் கொட்டி, டின்னை ஜிப் பையில் போட்டு நடுவில் புதைத்து, கீழ்த்தட்டில் பின்சுவரை ஒட்டி வையுங்கள். உருகிய நீரைக் கொட்டிவிட்டுக் காலையும் மாலையும் புது ஐஸ் போட வேண்டும். இப்படி வைத்தால் சீட்டில் போட்டிருக்கும் தேதிவரை தாங்கும். ஐஸ் இல்லாமல் வெறுமனே வைத்தால் தேதியை நம்பக் கூடாது.

ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உப்பு இருப்பதால் கேவியர் -2, -3 டிகிரியிலும் உறையாமல் நிற்கும், ஆனால் -18 தாங்காது. முட்டைக்குள் உள்ள நீர் பனித்துகளாகித் தோலைக் கிழித்துவிடும். உருகிய பிறகு டின்னில் இருப்பது எண்ணெயும் கூழும்தான். வாங்கும்போதே டின்னை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே தளும்புகிற சத்தம் கேட்டால், வழியில் எங்கோ உறைந்து உருகியிருக்கிறது, அல்லது சூடு கண்டிருக்கிறது.

பிளினி

ரஷ்யாவில் பிளினி என்பது தட்டளவு பெரிய மெல்லிய அப்பம். விருந்துகளில் காணும் இரண்டங்குல வட்டம், கையில் எடுத்து ஒரே வாயில் போட வசதியாகப் பின்னால் வந்த வடிவம். இங்கே தேவை அந்தச் சின்னது.

30 பிளினிக்கு: பக்வீட் மாவு 60 கிராம், மைதா 60 கிராம், பால் 180 மி.லி., உலர் ஈஸ்ட் 2 கிராம், சர்க்கரை 4 கிராம், உப்பு 2 கிராம், முட்டை ஒன்று, உருக்கிய உப்பில்லா வெண்ணெய் 20 கிராம். சுட இன்னொரு 15 கிராம் வெண்ணெய். பக்வீட் மாவு வடஇந்திய மளிகைக் கடைகளில் குட்டு மாவு என்ற பெயரில் கிடைக்கும். நவராத்திரி சமயத்தில் தாராளமாக வரும், புதிதாகவும் இருக்கும். மூக்கில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பழைய மாவில் காறல் வாடை தெரியும், அது கேவியரோடு சேர்ந்தால் கசப்பாகிவிடும்.

பாலை 38, 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விரல் விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. அதில் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நுரை கட்டவில்லையென்றால் ஈஸ்ட் செத்திருக்கிறது. மேலே போகாமல் புதுப் பொட்டலம் எடுங்கள். இரு மாவையும் உப்பையும் சேர்த்து, மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி மூடிவிடலாம். 30 டிகிரி வீட்டில் ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஏசி அறையில் ஒன்றரை மணி ஆகும். பிறகு வெள்ளைக் கருவை மென்மையான நுரையாக அடித்து, கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிச் சேர்த்து, கால்மணி நேரம் விடுங்கள். மாவு இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் இருக்க வேண்டும். தளர்ந்தால் வட்டம் நிற்காமல் ஓடும்.

சுடுவதற்கு நான்ஸ்டிக் தவா. வெங்காயம் தேய்த்துப் பழக்கிய தோசைக்கல் வேண்டவே வேண்டாம். அந்த வாசனை நமக்குப் பழகிவிட்டதால் தெரியாது. கேவியரை மேலே வைத்ததும் தெரியும். மிதமான தீயில் வெண்ணெயைத் துணியால் தொட்டுப் பூசி, ஒரு வட்டத்துக்கு 12, 13 கிராம் மாவு, அதாவது முழு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக விடுங்கள். 5 செ.மீ. அகலத்துக்கு விரியும். மேலே குமிழ்கள் வெடித்து, ஓரம் பளபளப்பு இழந்ததும் திருப்புங்கள். மறுபக்கம் 40 வினாடி. முதல் ஈடு எப்படியும் சரியாக வராது. முதல் பிளினி கட்டியாகத்தான் வரும் என்று ரஷ்யப் பழமொழியே இருக்கிறது. 30 போடச் சொன்னதன் காரணமும் அதுதான்.

தட்டையாக, ரப்பர்போல வந்தால் மைதா சேர்த்தபின் அதிகம் அடித்திருக்கிறீர்கள், அல்லது நுரையைச் சேர்க்கும்போது அமுக்கிவிட்டீர்கள். திருப்பும்போது உடைந்தால் பக்வீட் கூடிவிட்டது. அதில் குளூட்டன் கிடையாது, மைதாதான் பிடித்துநிறுத்துகிறது. முழுக்கப் பக்வீட்டில் செய்வது தனிக் கலை. விருந்தன்று அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நேரமில்லையென்றால் விரலளவு சின்ன உருளைக்கிழங்கை உப்பில்லாமல் வேகவைத்து, பாதியாக வெட்டி, நடுவில் கொஞ்சம் குடைந்துகொள்ளுங்கள். உண்மையில் பிளினியைவிட இதுவே கேவியருக்கு நல்ல ஜோடி என்று வாதாடவும் இடமுண்டு.

புளித்த கிரீம்

இதன் பிரெஞ்சு வகையான க்ரெம் ஃப்ரெஷ் கடையில் கிடைத்தால் வாங்கிவிடலாம். இல்லையேல் 35 சதவீதம் கொழுப்புள்ள கிரீம் 200 மி.லி.யில் ஒரு மேசைக்கரண்டி புளிக்காத கெட்டி மோர் கலந்து, மெல்லிய துணியால் மூடி வையுங்கள். 24 டிகிரியில் 12 முதல் 16 மணி நேரம். சென்னை மே மாதத்தில் ஏழெட்டு மணி நேரத்திலேயே ஆகிவிடும். கெட்டியானதும் ஃபிரிட்ஜில் குறைந்தது நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். டெட்ரா பாக்கெட்டில் வரும் 25 சதவீதக் கிரீம் இளகியே நிற்கும்; துணியில் கட்டி ஃபிரிட்ஜிலேயே இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் சரியாகும். உப்பு ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. தட்டில் உப்புக்குக் கேவியர் போதும்.

ஐஸ் படுக்கை

25 செ.மீ. அகலக் கண்ணாடிக் கிண்ணம், ஒன்றரைக் கிலோ ஐஸ். ஐஸைத் துணிப்பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் நொறுக்கி, வடிகட்டியில் ஒரு நிமிடம் நீர் வடியவிடுங்கள். கிண்ணத்தின் நடுவில் சின்ன எவர்சில்வர் கிண்ணி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் டின் உட்காரும்படி சுற்றிலும் ஐஸை நிரப்புங்கள். கிண்ணி இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் ஐஸ் இளகி, டின் ஒருபக்கம் சாய்ந்து, தண்ணீர் உள்ளே ஏறும். ஐஸின் குளிரைக் கூட்டக் கல்லுப்புத் தூவுகிற பழக்கம் குல்ஃபிக்குச் சரி. இங்கே உப்புப் போட்டால் வெப்பநிலை -10க்கும் கீழே போய், டின் ஓரத்து முட்டைகள் உறைந்துவிடும்.

தட்டுகளை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவையுங்கள். வெள்ளி ஸ்பூன் கூடாது; சினையிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து கருக்கும், நாக்கில் உலோக ருசி ஏறும். முத்துச்சிப்பி ஸ்பூன் வழக்கமானது. மாட்டுக்கொம்பு, எலும்பு, பிளாஸ்டிக் எல்லாம் நடக்கும். எவர்சில்வர் அவ்வளவு கெடுதல் இல்லை, பண்ணைகளில் அதைத்தான் வைத்து வேலை செய்கிறார்கள். முத்துச்சிப்பியை வெந்நீரில் போட்டால் விரிசல் விடும். சோப்பு நீரில் உடனே கழுவித் துடையுங்கள்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகே டின்னைத் திறக்க வேண்டும். மூடியின் விளிம்பில் ஒரு நாணயத்தைச் செருகித் திருகினால் வெற்றிடம் உடையும் சத்தம் கேட்கும். உடனே முகர்ந்து பாருங்கள். கடல்காற்றும் வெண்ணெயும் கலந்த மென்மையான வாசனை இருக்க வேண்டும். மீன் சந்தை வாசனையோ புளிப்போ அம்மோனியா நெடியோ அடித்தால் பரிமாறாதீர்கள். முட்டைகள் தனித்தனியாக, ஈரப் பளபளப்போடு இருக்க வேண்டும். ஓரத்தில் லேசாக எண்ணெய் மினுமினுத்தால் பரவாயில்லை, குட்டையாகத் தேங்கியிருந்தால் பழசு.

பிளினி வெதுவெதுப்பாக இருக்கலாம், சூடாக இருக்கக் கூடாது. சூட்டில் முட்டையின் தோல் வெளிறி, உள்ளிருக்கும் எண்ணெய் கசிந்துவிடும். ஒரு டீஸ்பூன் கிரீமைப் பிளினிமேல் வைத்துப் பரத்தாமல் விடுங்கள். கேவியருக்கும் சூட்டுக்கும் நடுவே அதுதான் தடுப்பு. ஸ்பூனைச் செங்குத்தாக இறக்கி, கீழிருந்து மேலே அள்ளி, தட்டையான ஒரு டீஸ்பூன் அளவை, அதாவது 5 கிராமை, கிரீம்மேல் இறக்குங்கள். அழுத்தவோ கத்தியால் தடவவோ கூடாது. உடனே வாயில் போட்டு, மெல்லாமல் நாக்கை மேலண்ணத்தோடு வைத்து அழுத்தச் சொல்லுங்கள். முட்டை வெடித்து ருசி வரும் இடம் அதுதான்.

முன்கூட்டியே 24 பிளினியையும் அடுக்கி, கேவியர் வைத்து, டிரேயில் கொண்டுவருவது பார்க்க அழகு. ஆனால் பத்து நிமிடத்தில் கிரீமின் ஈரம் பிளினிக்குள் இறங்கும், மேலே முட்டை உலரத் தொடங்கும். ஆளாளுக்கு அப்போதே எடுத்து வைத்துக்கொள்வதுதான் நல்லது.

எலுமிச்சை, நறுக்கிய வெங்காயம், அவித்த முட்டைத் துருவல் எல்லாம் ஹோட்டல் தட்டுகளில் வரிசையாக வரும். நல்ல கேவியருக்கு இவை வேண்டாம். எலுமிச்சையின் அமிலம் முட்டைத் தோலைக் கெட்டியாக்கும், வெங்காயம் நாக்கை ஆக்கிரமிக்கும். லம்ப்ஃபிஷ் சினைக்கு வேண்டுமானால் வையுங்கள். அந்தச் சினையில் சாயம் உண்டு. வெள்ளைக் கிரீம்மேல் வைத்த சில நிமிடங்களில் சாம்பல்நீலக் கறை வட்டமாகப் பரவும். சல்லடையில் பத்து நிமிடம் வடியவிட்டு, காகிதத் துண்டில் ஒற்றி, கடைசி நொடியில் வைத்தால் கறை குறையும். சால்மன் சினைக்கும் வடிகட்டல் அவசியம், சாயத்துக்காக அல்ல, தேங்கிய உப்புநீருக்காக.

குடிக்க, குடிப்பவர்களுக்கு ஃப்ரீசரில் வைத்த வோட்கா அல்லது இனிப்பில்லாத ஷாம்பெயின். குடிக்காதவர்களுக்குச் சில்லென்ற சோடா, எதுவும் கலக்காமல். ஜூஸும் கோலாவும் வேண்டாம். இனிப்புக்குப் பின் உப்பு வெறும் கரிப்பாகத் தெரியும்.

ஐஸ்மேல் இருந்தாலும் திறந்த டின் வெளியே இருக்கும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது.

உடம்புக்கு என்ன சேரும்

அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பட்டியலின்படி 100 கிராம் கேவியரில் 264 கலோரி, புரதம் 24.6 கிராம், கொழுப்பு 17.9 கிராம், கொலஸ்ட்ரால் 588 மி.கி., சோடியம் 1,500 மி.கி. ஆனால் யாரும் 100 கிராம் சாப்பிடப் போவதில்லை. நம் கணக்கில் ஒருவருக்கு 15 கிராம். அதில் 40 கலோரி, புரதம் 3.7 கிராம், கொலஸ்ட்ரால் 88 மி.கி., சோடியம் 225 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மி.கி. சோடியத்துக்குக் கீழே என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு; அதில் ஒன்பதில் ஒரு பங்கு இந்த மூன்று வாயில் போய்விடுகிறது. ரத்த அழுத்தக்காரர்கள் அன்றைய ஊறுகாய், அப்பளத்தை விட்டுவிடலாம்.

இவ்வளவு சின்ன அளவிலும் உருப்படியாகக் கிடைப்பவை இரண்டு. பி12 ஏறத்தாழ 3 மைக்ரோகிராம், ஒருநாள் தேவைக்கு மேலேயே. மீனெண்ணெய் வகை ஒமேகா 3, இபிஏவும் டிஎச்ஏவும் சேர்த்து, ஒரு கிராமை ஒட்டி. பண்ணை மீனில் இது தீவனத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். இரும்பு 1.8 மி.கி. வரை. வைட்டமின் டி நிறைய என்று விளம்பரங்களில் எழுதுவார்கள். 15 கிராமில் 17 அலகுதான், பொருட்படுத்த வேண்டாம்.

தட்டை முழுதாகக் கூட்டினால் கதை மாறுகிறது. மூன்று பிளினி 90 கலோரி, மூன்று டீஸ்பூன் கிரீம் 50, கேவியர் 40. எடை கூடுமே என்று பயப்படுகிறவர்கள் குறைக்க வேண்டியது பிளினியையும் கிரீமையும்.

கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் பாஸ்சரைஸ் செய்யாத டின்னைக் கொடுக்கக் கூடாது. லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும் கிருமி. மீன் ஒவ்வாமை, முட்டை ஒவ்வாமை உள்ளவர்களை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிளினியில் கோழிமுட்டை, மைதா, பால் மூன்றும் இருக்கின்றன.

மீந்தால்

மேற்பரப்பைச் சமமாக்கி, கிளிங் ஃபிலிமை முட்டைகளைத் தொடும்படி ஒட்டி, மூடியைப் போட்டு, மறுபடி ஐஸ் டப்பாவுக்குள் வையுங்கள். இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மறுநாள் காலை வெண்ணெயில் மெல்லிய தீயில் கிளறிய முட்டைதான் இதற்குத் தோது: உப்புப் போடாமல், அடுப்பை அணைத்து, தட்டில் மாற்றிய பிறகு மேலே வையுங்கள். வாணலியிலேயே போட்டுக் கிளறினால் வெளிறிக் கெட்டியான மீன்முட்டைதான் மிஞ்சும்.